தேறுறது எப்படி? விசுவாசத்துல வளர்றதப் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

இலங்கை மலைநாட்டுல ஹட்டன் பக்கம் ஒரு சின்ன சபையில 20 வருஷத்துக்கு மேல சண்டே ஸ்கூல் எடுக்குறேன், வெள்ளிக்கிழமை அந்தியில வாலிபர் கூட்டமும் இருக்கு. நான் போதகர் இல்ல. மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது வரிசை வீட்டுல பொறந்தேன், அம்மா கொழுந்து எடுத்தாங்க, அப்பா கவ்வாத்து வெட்டினாரு, தேயிலைச் செடிய வெட்டி விடுற வேலை அது. கூட்டம் முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான் புள்ளைங்க வந்து மெதுவா கேப்பாங்க, எல்லார் முன்னாடியும் கேக்க வெக்கம். அப்படி திரும்பத் திரும்ப வந்த கேள்விகளத்தான் இங்க எழுதியிருக்கேன்.

ஆவிக்குரிய முதிர்ச்சின்னு எல்லாரும் சொல்றாங்க, அப்படின்னா உண்மையில என்ன?

நம்ம பழைய தமிழ் பைபிள்ல இதுக்கு ஒரு நல்ல சொல்லு இருக்கு, "தேறினவர்கள்". 1 கொரிந்தியர் 2:6 பாருங்க, 14:20 பாருங்க. பவுல் எழுதின கிரேக்கச் சொல்லு தெலெயொஸ், வர வேண்டிய இடத்துக்கு வந்து சேந்தது, முழுசா வளந்ததுன்னு அர்த்தம், சில இடத்துல அதையே "பூரணம்"னு போட்டிருக்காங்க. ஆனா எனக்கு தேறுறதுங்குற சொல்லுதான் புடிக்கும். நாம எப்ப அத சொல்லுவோம்? ஒரு கிழமையா காய்ச்சல்ல கிடந்த புள்ள எழும்பி உக்காந்து கஞ்சி கேட்டா "தேறிடுச்சு"ம்போம், ஓஎல் சோதனை பாஸ் பண்ணின பையனையும் "தேறிட்டான்"ம்போம். ரெண்டுமே இதுல இருக்கு. பாவம்ங்குற நோய்ல இருந்து சுகமாகி எழும்புறதும் இருக்கு, சோதனை வந்தா அதுல நிக்கிறதும் இருக்கு.

எபேசியர் 4:13ல அளவும் சொல்லியிருக்கு, கிறிஸ்துதான் அளவு. பக்கத்து வீட்டு ஆள விட நான் பரவாயில்லங்குறது அளவே இல்ல.

என் அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். பழைய லயத்துல ரெண்டு காம்பராவுக்கு (ரூமுக்கு) நடுவுல இருக்குற சுவர் கூரை வரைக்கும் போகாது, மேல தகரத்துக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளி. நாம ஜெபிக்கிறதும் பக்கத்து காம்பராக்காரங்களுக்கு கேக்கும், ஜெபம் முடிஞ்சு எந்திரிச்சு புள்ளைய ஏசுறதும் கேக்கும். நீங்க தேறியிருக்கீங்களான்னு முதல்ல தெரியிறது போதகருக்கு இல்ல, அந்தப் பக்கத்து காம்பராவுக்குத்தான். இந்தக் கேள்வி பதில் முழுக்க நான் சொல்லப் போறது கிட்டத்தட்ட அதுதான்.

ரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானம் எடுத்து 10 வருஷம் ஆகுது, இன்னும் கோபம் அப்படியே இருக்கு. நான் ரட்சிக்கப்படவே இல்லையோ?

அந்தப் பயம் வர்றதே உள்ள உயிர் இருக்குறதுக்கு அடையாளம், செத்த மரத்துக்கு வலிக்காது.

பேதுருவப் பாருங்க. பெந்தெகொஸ்தே நாள்ல ஆவியால நெறஞ்சு பேசினவரு, ஒரே நாள்ல 3000 பேர் சேந்தாங்க. அவரே பின்னாடி அந்தியோகியாவுல புறஜாதியாரோட, அதாவது யூதர் இல்லாதவங்களோட, ஒரே பந்தியில சாப்பிட்டுட்டு இருந்தவரு, எருசலேம் சபையில இருந்த யாக்கோபுகிட்ட இருந்து யூத ஆளுங்க வந்ததும் பயந்து எந்திரிச்சு விலகிட்டாரு, பவுல் எல்லார் முன்னாடியும் கண்டிக்க வேண்டியதாச்சு (கலாத்தியர் 2:11ல இருந்து வாசிங்க). ஆக அப்போஸ்தலனுக்கே பழைய பயம் திரும்பி வந்துச்சு. ஆனா அவரு அதோட நின்னுடல, கடைசி வரைக்கும் போனாரு, "கிருபையிலும் அறிவிலும் வளருங்கள்"னு அவர் பேர்ல இருக்குற ரெண்டாவது நிருபமே முடியுது.

கோபத்த நேரா அடக்கப் பாக்குறத விட அது எங்க இருந்து வருதுன்னு பாருங்க. எனக்கு அந்தி 6 மணிக்கு மேல பசியிலதான் வரும், அது தெரிய எனக்கு எத்தன வருஷம் போச்சு. இப்ப வேலைக்குப் போய் வந்ததும் ஒரு துண்டு ரொட்டி தின்னுட்டுத்தான் புள்ளைங்க கொப்பி பாப்பேன். இது ஆவிக்குரிய விஷயமான்னு ஒரு தங்கச்சி கேட்டா. எலியா சாகணும்னு சூரைச்செடிக்குக் கீழ படுத்தப்ப தேவதூதன் பிரசங்கம் பண்ணல, அடையும் தண்ணியும் குடுத்து ரெண்டு தரம் சாப்பிட வச்சாரு (1 இராஜாக்கள் 19). அப்புறம்தான் மத்த பேச்செல்லாம்.

ஏசினா போய் மன்னிப்புக் கேளுங்க, புள்ளைங்ககிட்டயும் கேளுங்க. பெரியவங்க சின்னவங்ககிட்ட கேக்குறது நம்ம பக்கம் பழக்கமில்ல, அதனாலதான் கேக்கச் சொல்றேன்.

அந்நிய பாஷை பேசுறவங்க, தீர்க்கதரிசனம் சொல்றவங்கதான் தேறினவங்களா? எங்க சபையில எனக்கு இன்னும் வரல.

வரங்கள் தேவன் குடுக்குறது, அத நான் கொறச்சு சொல்ல மாட்டேன். ஆனா கொரிந்து சபையப் பாருங்க. ஒரு வரத்துலயும் குறைவில்லன்னு 1:7ல பவுலே எழுதுறாரு, அதே நிருபம் 3:1ல அவங்கள குழந்தைங்க, பாலுதான் குடுத்தேன்னும் எழுதுறாரு. ஏன்? பொறாமை, சண்டை, நான் பவுல் ஆளு நான் அப்பொல்லோ ஆளுன்னு பிரிவினை. திருவிருந்துல கூட ஒருத்தன் பசியோட இருக்க ஒருத்தன் வெறிச்சுப் போய் இருந்தான் (11:21). வரம் நெறைய, வளர்ச்சி இல்ல. அப்ப ரெண்டும் ஒண்ணு இல்லன்னு நல்லாத் தெரியுதே.

வரம் ஒரே நாள்ல கெடைக்கலாம், ஆவியின் கனின்னு கலாத்தியர் 5:22ல இருக்குறது காய்ச்சுத்தான் வரணும். அன்புல தொடங்கி இச்சையடக்கம் வரைக்கும் 9 இருக்கு, அதுல ஒண்ணு கூட தனியா ரூமுக்குள்ள உக்காந்து பழக ஏலாது, எல்லாத்துக்கும் இன்னொரு மனுஷன் வேணும், சில நேரம் எரிச்சல் குடுக்குற மனுஷன்தான் வேணும்.

நான் கத்தோலிக்க சபை இல்ல, ஆனா யோசேப் வாஸ் அடிகளார நெனைக்காம இருக்க முடியல. கோவாவுல இருந்து வந்தவரு, 1692ல கண்டிக்கு வந்தப்ப போர்த்துக்கீச உளவாளின்னு புடிச்சு அடைச்சு வச்சாங்க. 1697ல கண்டியில அம்மை நோய் பரவி, நோயாளிங்கள சொந்தக்காரங்களே விட்டுட்டு ஓடினப்ப இவரும் கூட இருந்த குருவானவரும்தான் தேடித் தேடிப் போய் புண்ணு கழுவி, சாப்பாடு குடுத்து, செத்தவங்கள அடக்கம் பண்ணினாங்க. அவரு புதுமை செஞ்சாருன்னு நெறைய கத இருக்கு, 2015 ஜனவரியில பாப்பரசர் கொழும்புக்கு வந்து புனிதர்னும் அறிவிச்சாரு. எனக்கு அந்தப் புண்ணு கழுவினதுதான் போதும்.

எத்தன வருஷம் எடுக்கும்?

பவுலுக்கு தமஸ்கு வழியில வெளிச்சம் வந்ததுக்கு அப்புறம் அரபி தேசம், 3 வருஷம், அப்புறம் திரும்ப எருசலேமுக்குப் போனது 14 வருஷம் கழிச்சுன்னு கலாத்தியர்ல இருக்கு. மோசே மீதியான்ல ஆடு மேச்சது 40 வருஷம். அதே பவுல் வயசு போன காலத்துல ஜெயில்ல இருந்து எழுதுறப்ப கூட நான் இன்னும் முற்றும் தேறல, தொடர்ந்து போறேன்னுதான் எழுதுறாரு (பிலிப்பியர் 3:12). திகதி போட்டுக் குடுக்க என்கிட்ட இல்ல, யாராவது போட்டுக் குடுத்தா நம்பாதீங்க.

திடப்படுத்தல் எடுத்துட்டேன், இதுக்கு மேல என்ன?

அங்கதான் தொடங்குது. ஞானஸ்நானத்துல உங்களுக்காக அப்பா அம்மா சொன்னத இப்ப நீங்க உங்க வாயால சொல்லியிருக்கீங்க, அவ்வளவுதான். கத்தோலிக்கப் புள்ளைங்களுக்கு உறுதிபூசுதலும் அப்படித்தான். அடுத்த ஞாயிறுல இருந்து கோயில் பக்கமே வராம போற புள்ளைங்கள நெறைய பாத்துட்டேன், மனசு வலிக்குது, அதனால இத எழுதுறேன்.

காலைல வெள்ளன எந்திரிச்சு சமைச்சுட்டு வேலைக்குப் பேர் போடுற பெரட்டுக்கு ஓடணும், அந்தியில வந்தா தண்ணி, வெறகு, புள்ளைங்க. பைபிள் வாசிக்க நேரமே இல்ல. நான் எப்படி வளர்றது?

இந்தக் கேள்விய கேட்டது ஒரு தங்கச்சி, கேக்குறப்பவே கண்ணு கலங்கிடுச்சு. ஒரு மணித்தியாலம் தியானம் பண்ணாதவங்க விசுவாசியே இல்லன்னு ஒரு கூட்டத்துல யாரோ சொல்லிட்டாங்களாம்.

எங்க அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, சம்பளப் பொத்தகத்துல பெருவிரல்தான் வப்பாங்க. காலைல 5 மணிக்கு அடுப்படியில மண்ணெண்ணெய் விளக்கு எரியும், அம்மா இடுப்புல படங்கு கட்டுவாங்க, அத சுத்தி கயிறு போட்டு இறுக்குறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகும், அந்த ரெண்டு நிமிஷத்துக்கு என்னைய ஒரு வசனம் வாசிக்கச் சொல்லுவாங்க. ஒண்ணே ஒண்ணு. நான் தூக்கக் கலக்கத்துல வேகமா வாசிச்சா "மெதுவா சொல்லு தாயி, நான் மலைக்கு கொண்டு போகணும்"பாங்க. அப்புறம் அந்த வசனம் அவங்களோட கூடையிலயே போயிடும், அந்தியில வந்து அத பத்தி ஏதாவது சொல்லுவாங்க. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்"ங்குறத ஒரு கிழமை வச்சிருந்தாங்க. கடைசியில சொன்னாங்க, கங்காணி பின்னாடி நின்னு வெரட்டுவான், மேய்க்கிறவரு முன்னாடி போவாராம்ல. அத எந்தப் போதகரும் அவங்களுக்கு சொல்லிக் குடுக்கல, யோவான் 10:4ல அப்படித்தான் இருக்குன்னு எனக்கே பின்னாடிதான் தெரியும்.

அதனால தங்கச்சி, ஒரு வசனம் போதும், ஆனா அத மலைக்கு கொண்டு போங்க. இப்ப போன்ல பைபிள கேக்கவே ஏலும், சமைக்கிற நேரம் போட்டு விடுங்க. 1854ல தோட்டத்துத் தமிழ் ஆளுங்களுக்கு சுவிசேஷம் சொல்ல தமிழ் கூலி மிஷன் தொடங்கின காலத்துல உபதேசியார்மார் கோப்பித் தோட்டம் கோப்பித் தோட்டமா நடந்து போய் சொல்லிக் குடுத்தாங்க, கேட்டவங்கள்ல எத்தன பேருக்கு எழுத்து தெரிஞ்சிருக்கும்? காதால கேட்டு, நெஞ்சுல வச்சுத்தான் நம்ம பாட்டன் பூட்டன் விசுவாசத்துல நின்னாங்க.

நேரம் இருக்குறவங்களுக்கு இந்த பதில் இல்ல. போன்ல 2 மணித்தியாலம் டிக்டொக் பாக்குற தம்பிமாருக்கு நான் வேற சொல்லுவேன்.

முன்ன மாதிரி ஜெபத்துல ஒண்ணும் உணர முடியல, வரண்டு போய் கிடக்கேன். பின்வாங்கிட்டேனா?

ஏதாவது பாவத்த மறைச்சு வச்சிருந்தா அத அறிக்கை பண்ணுங்க. சரியா தூங்காம, சாப்பிடாம, மனசு சோர்ந்து பல கிழமையா அப்படியே இருந்தா டொக்டர்கிட்டயும் போங்க, அது விசுவாசக் குறைவு இல்ல. இது ரெண்டும் இல்லன்னா நான் அப்பாகிட்ட கத்துக்கிட்டத சொல்றேன்.

கவ்வாத்து வெட்டின மலையப் பாத்திருப்பீங்க. எங்க பக்கம் 4, 5 வருஷத்துக்கு ஒருக்கா வெட்டுவாங்க. நேத்து வரைக்கும் பச்சையா இருந்த மலை இன்னைக்கு வெறும் குச்சி, பாக்கவே ஏதோ நெருப்பு வச்ச மாதிரி இருக்கும், கொஞ்ச மாசத்துக்கு அந்த மலையில இருந்து ஒரு கிலோ கொழுந்து வராது. சின்னதுல நான் அப்பாகிட்ட கேட்டேன், மரம் செத்துடாதான்னு. அவரு கத்திய கீழ வச்சுட்டு ஒரு செடியக் காட்டினாரு, எல்லாத்தையும் வெட்டிட்டு ஓரத்துல ஒரே ஒரு கிளைய மட்டும் எலையோட விட்டிருந்தாரு. "அது மூச்சு விட"ன்னாரு. அப்புறம் சொன்னாரு, மரம் இப்ப வேர்ல சேத்து வச்சிருக்குறதுலதான் வாழும், அதனாலதான் வெட்டுறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் கொழுந்து எடுக்காம விடுறது, வேர்ல ஒண்ணும் இல்லாத மரத்த வெட்டினா செத்துடும்.

வெட்டாம விட்டா என்ன ஆகும்னும் பாத்திருக்கேன். கைவிட்ட மலையில தேயிலை உண்மையான மரமாவே வளந்துடும், வீட்டு உசரத்துக்கு மேல போயிடும். நல்லாத்தான் வளந்திருக்கு, ஆனா கை எட்டாது, யாருக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு ஆகாது. யோவான் 15:2ல கனி குடுக்குற கொடியத்தான் சுத்தம் பண்றாருன்னு இயேசு சொல்றாரு, காய்க்காதத இல்ல. அது திராட்சை, நம்மளுது தேயிலை, கத்தி ஒண்ணுதான்.

வரண்ட காலத்துல பெருசா ஒண்ணும் செய்யப் பாக்காதீங்க, அந்த ஒரு கிளைய மட்டும் காப்பாத்துங்க. ஒரு சங்கீதம், ஞாயிறு ஆராதனை, உங்கள நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆளு. 88ஆம் சங்கீதத்த வாசிச்சுப் பாருங்க, ஆறுதலா ஒரு வரி கூட இல்லாமத்தான் முடியுது, அதுவும் வேதத்துல இருக்கு. கர்த்தர் அந்த மாதிரி ஜெபத்தையும் வாங்கிக்கிறாரு.

வீட்டுக்காரர் குடிச்சுட்டு வந்து அடிக்கிறாரு. பொறுத்துப் போறதுதான் முதிர்ச்சின்னு சபையில சொல்றாங்க.

இல்ல. அடி வாங்கிட்டு சும்மா இருக்குறது ஆவியின் கனி இல்ல, நீடியபொறுமைக்கு அப்படி ஒரு அர்த்தம் வேதத்துல எங்கயும் இல்ல. தாவீது சவுல ரெண்டு தரம் உசிரோட விட்டாரு, பழிவாங்கல, ஆனா ஈட்டி எறிஞ்ச அன்னைக்கு ராத்திரியே ஓடிட்டாரு, அதுக்கப்புறம் அந்த ஈட்டி எட்டுற தூரத்துல போய் உக்காரவே இல்ல. மன்னிக்கிறது ஒண்ணு, பாதுகாப்பா இருக்குறது ஒண்ணு, ரெண்டையும் சேத்தே செய்யலாம்.

இலங்கையில 2005ல இருந்து குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு, நீதிமன்றத்துல பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அவசரம்னா பொலிஸ் 119. அக்காமார் தங்கச்சிமார் யாராவது இத வாசிச்சா இலக்கத்த மனப்பாடம் பண்ணி வைங்க. சபைப் பெரியவங்களுக்கும் சொல்றேன், பக்கத்து காம்பராவுல அடி விழுற சத்தம் நமக்கும் கேக்குதுதானே. கேட்டுட்டு ஜெபம் மட்டும் பண்ணிட்டு படுத்தா நாம என்ன தேறினவங்க?

மன்னிக்கணும்னு தெரியும், ஆனா முடியல. எப்படி?

இதுக்கு நான் என் கதையத்தான் சொல்லணும். கல்யாணம் ஆன புதுசுல எங்க லயத்துக்கு ஒரே ஒரு பீலி, வரட்சி காலத்துல நூல் மாதிரி தண்ணி வரும். ஒரு நாள் காலைல என் குடத்த எடுத்து ஓரமா வச்சுட்டு பக்கத்து காம்பரா அக்கா அவங்க குடத்த வச்சுட்டாங்க, நான் பேசினேன், அவங்க பேசினாங்க, எங்க அம்மாவ இழுத்து ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. அதோட பேச்ச விட்டுட்டேன். 2 வருஷம். அந்த 2 வருஷமும் ஞாயிறு தோறும் நான் சின்னப் புள்ளைங்களுக்கு பரமண்டல ஜெபம் சொல்லிக் குடுத்தேன், எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோலன்னு. ராத்திரி என் காம்பராவுல முழங்கால் போட்டா சுவருக்கு அந்தப் பக்கம் அவங்க இருமுறது கேக்கும், எனக்கு ஜெபம் வராது.

ஒரு மழை நாள் அவங்க மகனுக்கு வலிப்பு வந்துச்சு, அந்தச் சத்தமும் சுவர் வழியாத்தான் வந்துச்சு. நான் யோசிக்கல, ஓடினேன், புள்ளைய சரிச்சுப் படுக்க வச்சு, தோட்டத்து லொறிக்கு ஆளனுப்பி, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போனேன். வழியில அந்தக்கா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க, ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. மன்னிச்சுட்டேன்னு நான் உணர்ந்தது அதுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான், ஆனா நடந்தது அன்னைக்குத்தான்னு நெனைக்கிறேன்.

அதனால உணர்வுக்காக காத்திருக்காதீங்க. அவங்களுக்கு ஒரு நல்லது செய்ய சந்தர்ப்பம் வந்தா காலும் கையும் முதல்ல போகட்டும், மனசு பின்னாடி வரும். பேதுரு 7 தரமான்னு கேட்டப்ப இயேசு ஏழெழுபது தரம்னு சொன்னாரு (மத்தேயு 18:22), ஒரே பிழைய நெனைக்கிற ஒவ்வொரு தரமும் திரும்ப மன்னிக்க வேண்டி வரும்னு எனக்கு அதுல விளங்குது.

சபையில மூப்பரா இருக்காரு, மலையில கொழுந்து நிறுக்கிற நேரம் கிலோவ வெட்டுறாரு. இவர எப்படி மதிக்கிறது?

எந்தத் தோட்டம்னு நான் எழுத மாட்டேன். அம்மா காலத்துல நானே கண்ணால பாத்திருக்கேன், மழை நாள்ல தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ, சாக்குக்குன்னு ஒரு கிலோ, கேட்டா நாளைக்கு அரைப்பேரு, அரை நாள் சம்பளம்தான். அந்தி வரைக்கும் அட்டை கடிச்சு ரத்தம் வடிய எடுத்த கொழுந்து அது. நீதிமொழிகள் 11:1 நேரா சொல்லுது, "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது". ஏசாயா 58ல உபவாசம் இருந்துக்கிட்டே வேலைக்காரங்கள நெருக்குறவங்களப் பாத்து, இதுவா நான் கேட்ட உபவாசம்னு கர்த்தர் கேக்குறாரு. யாக்கோபு 5:4 இன்னும் பயங்கரம், புடிச்சு வச்ச கூலியே கூப்பிடுதாம், அந்தச் சத்தம் கர்த்தரோட காதுல போய் விழுந்துச்சாம்.

அவரோட பதவிய மதிங்க, தப்ப மதிக்காதீங்க. முதல்ல தனியாப் போய் பேசுங்க, கேக்கலன்னா ரெண்டு பேரோட போங்க, மத்தேயு 18:15ல இருந்து அந்த முறை இருக்கு. தொழிற்சங்கத்துக்கு சொல்றதும் பாவம் இல்ல. நீங்க நாளைக்கு சுப்பவைசரா வந்தா தராசு உங்க கையில இருக்கும், அத இப்பவே நெனைச்சு வச்சுக்கோங்க.

சபையில ஒண்ணா உக்காருறோம், கல்யாணம்னு வந்தா சாதி பாக்குறாங்களே?

மேல பேதுரு பந்திய விட்டு எந்திரிச்ச கத சொன்னேன்ல, அது இதேதான். பவுல் அத சின்ன விஷயமா எடுக்கல, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே ஒவ்வாத நடைன்னு சொன்னாரு. ஒரே கப்பல்ல வந்து, மன்னார்ல இருந்து ஒரே காட்டு வழியில நடந்து, வழியில செத்து விழுந்தவங்கள ஒரே மண்ணுல பொதச்ச ஜனம் நாம. இத விட ஏலாதவங்க எவ்வளவு ஜெபிச்சாலும் இன்னும் பாலுலதான் இருக்காங்கன்னு நான் தெளிவா சொல்லுவேன். வயசுல மூத்தவங்களுக்கு இது கோபம் வரும், பரவாயில்ல.

எங்க சொந்தக்காரங்க பாதிப் பேரு இந்து. கோயில் திருவிழா, காமன் கூத்து நேரம் எல்லாம் விலகி இருக்குறதுதான் வளர்ச்சியா?

ஒரே லயத்துல மாரியம்மன் படமும் இருக்கும், அடுத்த காம்பராவுல சிலுவையும் இருக்கும், நம்ம வாழ்க்கை அப்படி. வழிபாட்டுல நான் சேர மாட்டேன், படைச்சத சாப்பிடுறதப் பத்தி 1 கொரிந்தியர் 8, 10 ரெண்டையும் வாசிச்சு உங்க மனசாட்சி என்ன சொல்லுதோ அதுல நில்லுங்க, உங்களுக்கு மாறா முடிவெடுத்தவர குத்தம் சொல்லாதீங்க, ரோமர் 14 முழுக்க அதத்தான் சொல்லுது. ஆனா விலகுறதுன்னு சொல்லிட்டு பெரியப்பா வீட்டு சாவுக்கு போகாம இருக்குறவங்கள பாத்திருக்கேன், அது எனக்கு ஏத்துக்க முடியாது. போய் தண்ணி தூக்கிக் குடுங்க, ராத்திரி முழிச்சு இருங்க, அழுறவங்களோட அழுங்க. அவங்க சாமிய கேலி பண்ணிப் பேசுறது விசுவாசம் இல்ல, அது நம்ம ஆண்டவரோட பேருக்குத்தான் அவமானம்.

கஷ்டம் வந்தா விசுவாசம் குறைவு, பாவம் இருக்குன்னு சொல்றாங்களே?

2014 ஒக்டோபர் 29 காலைல கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்துல மலை சரிஞ்சு லயத்து வரிசைகள மூடிடுச்சு. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்ல மலைநாட்டுல எத்தனையோ இடத்துல மலை இறங்குச்சு. அந்த நேரம் கூட சிலர் இது அவங்க பாவம்னு பேசினத என் காதால கேட்டேன். சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்தப்ப இயேசு என்ன சொன்னாரு? அவங்க மத்தவங்கள விட பெரிய பாவிங்கன்னு நெனைக்கிறீங்களா, அப்படி இல்லன்னாரு (லூக்கா 13:4). கேட்டுட்டு இருந்தவங்கள மனந்திரும்பச் சொன்னாரு, செத்தவங்கள குத்தம் சொல்லல.

யோபுவோட கூட்டாளிங்க 7 நாள் அவரோட தரையில உக்காந்து வாயத் தொறக்கல, அந்த 7 நாள்தான் அவங்க செஞ்ச நல்லது. பேசத் தொடங்கினதுலதான் எல்லாம் கெட்டுச்சு. முகாமுக்குப் போனா சோத்துப் பார்சல், மாத்து உடுப்பு, பொம்பளப் புள்ளைங்களுக்கு வேண்டிய சாமான் கொண்டு போங்க. காரணம் சொல்லப் போகாதீங்க.

வேலைக்கு வெளிநாட்டுல, கொழும்புல தனியா இருக்கேன், சபைக்குப் போக ஏலாது.

ஞாயிறு லீவு கெடைக்காத கடைப் புள்ளைங்களும், சபையே இல்லாத ஊர்ல வீட்டு வேலை செய்ற அக்காமாரும் கேக்குறது. சங்கீதம் 139:9, 10 உங்களுக்காகவே எழுதினது, சமுத்திரத்தோட கடையாந்தரத்துல போய் தங்கினாலும் அவர் கை புடிக்கும். கிழமைக்கு ஒருக்கா ஊர்ல ஒரு ஆளுக்கு போன் எடுத்து சேர்ந்து ஜெபியுங்க, ஒரே ஆளு போதும், ஆனா அந்த ஆள மாத்தாதீங்க.

நான் வளர்றேனான்னு எனக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்கு பெரும்பாலும் தெரியாது. மாற்கு 4:27ல விதைச்சவன் தூங்கி எந்திரிக்கிறான், விதை வளருது, எப்படின்னு அவனுக்கே தெரியல. புள்ள வளர்றது அதுக்குத் தெரியாது, வெள்ளை கவுண் கட்டையாப் போச்சேன்னு அம்மாதான் சொல்லுவா. அதனால வீட்டுல கேளுங்க. மனைவிகிட்ட, மாமியார்கிட்ட, உங்களுக்குக் கீழ வேலை செய்றவர்கிட்ட கேளுங்க, போன வருஷத்துக்கு நான் ஏதாவது மாறியிருக்கேனான்னு. பதில் சொல்ல அவங்க பயப்பட்டாங்கன்னா, அதுவே ஒரு பதில்.

சரி, எங்க இருந்து தொடங்குறது?

மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம்தான், ஒரு நாளைக்கு ஒண்ணா வாசிச்சா ரெண்டு கிழமை கொஞ்சம் மேல. அப்புறம் யாக்கோபு, 5 அதிகாரம், நாக்கப் பத்தின 3ஆம் அதிகாரத்த ரெண்டு தரம் வாசிங்க. வெளிப்படுத்தலுக்கு அவசரப்படாதீங்க. வாசிச்சது விளங்கலன்னா வெள்ளிக்கிழமை அந்தி 5 மணிக்கு வாங்க, தேத்தண்ணி இருக்கும், வெக்கப்படாம கேளுங்க.